காப்பாற்றப் போனவர் ஏன் திரும்பி வரவில்லை?

மாணவர்களே, இந்த வாரப் பாடத்தை ஒரு காட்சியுடன் தொடங்குவோம். காட்சி கற்பனைதான். ஆனால் இதைப் போன்ற செய்திகளை நீங்கள் நாளிதழில் படித்திருப்பீர்கள்.

ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. காலை பத்து மணி. பல வாரங்களாகப் பயன்படுத்தாமல் மூடிக் கிடந்த இரும்புத் தொட்டி ஒன்றின் அடியில் கொஞ்சம் சேறு தங்கியிருக்கிறது. அதை வாரிக் கழுவ இரண்டு பேர் வருகிறார்கள். மூடியைத் திறந்து ஏணியை இறக்குகிறார்கள். மூத்தவர் முதலில் இறங்குகிறார். ஏழெட்டுப் படி போனதும் அவர் கை தளர்கிறது. ஒரு சத்தமும் இல்லாமல் அடியில் விழுகிறார். மேலே நிற்கும் இளைஞர் "அண்ணே! அண்ணே!" என்று கத்துகிறார். பதில் இல்லை. பக்கத்தில் வேறு ஆளும் இல்லை. அண்ணன் விழுந்து கிடப்பது மூன்று மீட்டர் ஆழத்தில். ஏணி அங்கேயே இருக்கிறது.

அந்த இளைஞர் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

"இறங்கித் தூக்குவேன்" என்று நினைத்தவர்கள் நல்ல மனம் படைத்தவர்கள். ஆனால் அடுத்த நிமிடமே அந்தத் தொட்டியில் இரண்டு பேர் விழுந்து கிடப்பார்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வுக் கழகம் 1986இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இத்தகைய இடங்களில் உயிரிழப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், முதலில் விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்கள் என்று அது கூறியது. அதாவது வேலைக்காக இறங்கியவர்களைவிட, உதவிக்காக இறங்கியவர்களே அதிகம் இறந்திருக்கிறார்கள்.

வேலையிடப் பாதுகாப்புப் பயிற்சி என்றதும் பலருக்குக் கொட்டாவி வரும். தலைக்கவசம், காலணி, ஒரு காணொளி, கடைசியில் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து என்றுதான் நினைக்கிறோம். அந்தப் பயிற்சியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று மலேசியச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. ஏன் என்று தெரிந்துகொள்ள, முதலில் உங்கள் உயிரியல், வேதியியல் பாடங்களுக்குள் போய்வர வேண்டும்.

மூச்சு முட்டாது

சாலையோர மேன்ஹோல் மூடிகளுக்குப் பக்கத்திலும், ஆலைத் தொட்டிகளின் மேலும் "பஹாயா! ருவாங் தெர்குருங்" என்ற அறிவிப்பைப் பார்த்திருக்கலாம். தமிழில் "அபாயம்! அடைபட்ட இடம்" எனலாம். ஓர் இடம் முழுவதுமாகவோ பாதியோ அடைபட்டிருக்க வேண்டும். அது ஆட்கள் இருந்து வேலை செய்வதற்காகக் கட்டப்பட்டதாக இருக்கக் கூடாது. அதனுள்ளே நச்சுவாயு சேரவோ, ஆக்சிஜன் குறையவோ கூடவோ, உள்ளிருக்கும் பொருள் ஆளை மூடிப் புதைக்கவோ வாய்ப்பு இருக்க வேண்டும். இவை பொருந்தினால் அது அடைபட்ட இடம். மேன்ஹோல், எண்ணெய்த் தொட்டி, நெல் சேமிப்புக் கோபுரம், கொதிகலன், மீன்பிடிப் படகின் அடித்தளம், டேங்கர் லோரியின் வயிறு எல்லாம் இதில் சேரும். மேலே கூரையில்லாத ஆழக்குழியும் சேரும். பெயரைக் கேட்டு, இடுக்கான பொந்து மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே பேருந்தையே நிறுத்தக்கூடிய தொட்டியும் அடைபட்ட இடம்தான்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. தொடக்கப்பள்ளியில் உயிர்வளி என்று படித்தீர்களே, அதேதான். ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். இப்போது மூச்சை அடக்கிப் பாருங்கள். அரை நிமிடம் போனதும் நெஞ்சு தவிக்கிறது, அல்லவா? ஆக்சிஜன் குறைந்ததால் வந்த தவிப்பு என்று பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில், வெளியேற முடியாமல் இரத்தத்தில் சேரும் கரிவளிதான் அந்தத் தவிப்பைத் தூண்டுகிறது. மூளைத்தண்டு கணக்கெடுப்பது முக்கியமாகக் கரிவளியைத்தான்.

ஆக்சிஜன் குறைந்த தொட்டிக்குள் என்ன நடக்கும்? நீங்கள் வழக்கம்போல் மூச்சை இழுக்கிறீர்கள், வழக்கம்போல் விடுகிறீர்கள். கரிவளி தடையின்றி வெளியே போய்விடுகிறது. அதனால் தவிப்பு வராது. மூச்சு முட்டாது. சிலருக்கு இலேசான உற்சாகம்கூடத் தோன்றும். இதற்கிடையே நுரையீரலில் ஒரு விபரீதம் நடக்கிறது. வாயுக்கள் செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பரவும் என்று படித்திருக்கிறீர்கள். வழக்கமாக நுரையீரல் காற்றறையிலிருந்து இரத்தத்துக்கு ஆக்சிஜன் போகிறது. உள்ளே இழுத்த காற்றில் ஆக்சிஜன் அறவே இல்லையென்றால் அதே விதி எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. இரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் காற்றறைக்குள் வெளியேறுகிறது. ஆகவே ஒவ்வொரு மூச்சும் உடலிலிருந்து ஆக்சிஜனைக் கழுவிக்கொண்டு போகிறது. மூச்சை அடக்கியிருந்தால்கூட இன்னும் சற்று நேரம் நினைவு இருந்திருக்கும்!

19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது ஆக்சிஜன் பற்றாக்குறை. 16 விழுக்காட்டை நெருங்கும்போது மூச்சும் நாடித்துடிப்பும் வேகமெடுக்கும், முடிவெடுக்கும் திறன் மங்கும். 10க்குக் கீழே மயக்கம். 6க்குக் கீழே சில மூச்சுகளிலேயே ஆள் விழுந்துவிடுவார். இதில் எனக்கு மிகவும் கொடுமையாகத் தெரிவது நடுவில் உள்ள கட்டம்தான். ஆபத்தை உணர வேண்டிய மூளையே முதலில் மங்குகிறது. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அவர் சொல்வதை அவரே நம்புவார்.

துரு தின்ற காற்று

மூடிய தொட்டியில் ஆக்சிஜன் எங்கே போனது? யாரும் எந்த வாயுவையும் ஊற்றவில்லையே?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரும்புக் கம்பளியை நனைத்துச் சோதனைக் குழாயின் அடியில் திணியுங்கள். குழாயை நீருள்ள கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். இரும்பு துருப்பிடிக்கும், நீர் குழாயினுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு ஏறி நிற்கும். அந்த ஐந்தில் ஒரு பங்குதான் துரு தின்ற ஆக்சிஜன். மிச்சம் இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன்.

இதையே தொட்டிக்குக் கணக்கிடுவோம். படிவம் 4 வேதியியல் போதும். 10 கன மீட்டர் கொள்ளளவுள்ள மூடிய இரும்புத் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10,000 கன டெசிமீட்டர் காற்று. ஆக்சிஜன் 2,090 கன டெசிமீட்டர். துரு அதில் 1,200 கன டெசிமீட்டரைத் தின்றுவிட்டால், மிச்சமுள்ள 8,800இல் ஆக்சிஜன் 890தான். அதாவது 10 விழுக்காடு. மயக்கத்தின் எல்லைக்கு வந்துவிட்டோம்.

அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 கன டெசிமீட்டர் இடம் பிடிக்கும். எனவே 1,200 கன டெசிமீட்டர் என்பது 50 மோல் ஆக்சிஜன். துரு உண்டாகும்போது 3 மோல் ஆக்சிஜனுடன் 4 மோல் இரும்பு சேர்கிறது. ஆகவே தேவையான இரும்பு 66.7 மோல். ஒரு மோல் இரும்பு 56 கிராம். பெருக்கினால் ஏறத்தாழ 3.7 கிலோகிராம். கனசதுர வடிவத் தொட்டி என்றால் அதன் உட்சுவர் முழுவதும் இந்த 3.7 கிலோவைப் பரப்பிப் பாருங்கள்: தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குகூட வராது. தலைமுடியைவிட மெல்லிய படலம்! சுவரைத் தட்டிப் பார்ப்பவருக்குத் தொட்டி புதிது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் காற்று ஆளைச் சாய்க்கும்.

மூக்கை நம்பலாமா?

சேறு இருக்கும் இடத்தில் சிக்கல் இரட்டிப்பாகிறது. செம்பனை ஆலையின் கழிவுநீர் கரிமப் பொருள் நிறைந்தது. காற்றில்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன், கரிவளி, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றை வெளிவிடுகின்றன. மேன்ஹோலிலும், அழுகிய மீன் கழிவு தங்கிய படகின் அடித்தளத்திலும் இதே கதைதான்.

ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் உடையது. மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். "அப்படியானால் நல்லதுதானே, நாற்றம் வந்தால் ஓடிவிடலாமே?" என்பீர்கள். இங்கேதான் பொறி இருக்கிறது. இந்த வாயுவின் செறிவைப் பிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள். மில்லியன் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்பது அதன் பொருள். எட்டு மணி நேர வேலைக்கு மலேசிய விதிகள் அனுமதிக்கும் சராசரி 10 பிபிஎம். 100 பிபிஎம் அளவை எட்டியதும் சில நிமிடங்களில் முகரும் நரம்பு செயலிழந்துவிடும். நாற்றம் மறைந்துவிடும். "முதலில் நாறியது, இப்போது பரவாயில்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த இடத்தை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்று பொருள். 700 முதல் 1,000 பிபிஎம் வரை போனால் ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார்கள்.

உயிரணுவில் ஆற்றலை உண்டாக்குவது மைட்டோகாண்டிரியா என்று படித்தீர்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்துவதற்கு அங்கே சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு அந்த நொதியைப் பிடித்து முடக்குகிறது. சயனைடும் இதே நொதியைத்தான் தாக்குகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உயிரணுவால் அதைப் பயன்படுத்த முடியாமல் போகிறது.

இந்த வாயு சேற்றில் கரைந்தும் இருக்கும். காலால் மிதித்தால், மண்வெட்டியால் கிளறினால், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குபீரென்று வெளியேறும். ஐந்து நிமிடத்துக்கு முன்பு அளந்தபோது இல்லாத வாயு இப்போது இருக்கும்.

நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் பழைய கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் விளக்கையோ மெழுகுவர்த்தியையோ கட்டி இறக்கிப் பார்த்ததைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுடர் அணைந்தால் இறங்க மாட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய அறிவு. காற்று கண்ணுக்குத் தெரியாமல் கெட்டுப்போகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆனால் மெழுகுவர்த்தி அணைவது ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்கு இறங்கிய பிறகுதான். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைச் சாய்க்கும் அளவில் இருந்தாலும் சுடர் நின்று எரியும். மீத்தேன் 5 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் சுடரே வெடிப்பை உண்டாக்கும். எனவே இன்று யாரும் அதைச் செய்யக் கூடாது.

இன்று அளப்பதற்கு வாயு அளவி இருக்கிறது. அதை இயக்குவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஆக்சிஜன், பிறகு எரியும் வாயு, பிறகு நச்சுவாயு. ஏன் இந்த வரிசை? பல கருவிகள் எரியும் வாயுவைத் தமக்குள்ளே சிறிதளவு எரித்துப் பார்த்துத்தான் அளக்கின்றன. ஆக்சிஜன் குறைவாக இருந்தால் அது சரியாக எரியாது. மீத்தேன் நிறைய இருந்தும் கருவி குறைவாகக் காட்டும். அதோடு மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். காற்றின் சராசரி மோலார் நிறை 29. மீத்தேன் 16, அதனால் மேலே தங்கப் பார்க்கும். ஹைட்ரஜன் சல்பைடு 34, கரிவளி 44. இவை அடியில் தங்கும். வாசலில் மட்டும் கருவியை நீட்டிவிட்டு "எல்லாம் சுழி" என்பவர் அடியில் கிடக்கும் வாயுவை அளக்கவே இல்லை.

சட்டம் எங்கே வருகிறது?

இதுவரை படித்ததை யோசித்துப் பாருங்கள். கண் ஏமாற்றுகிறது, மூக்கு ஏமாற்றுகிறது, நுரையீரல் எச்சரிக்கை தருவதில்லை, மூளை மங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நல்ல மனமே நம்மைத் தொட்டிக்குள் தள்ளுகிறது. "கவனமாக இரு" என்று சொல்வதால் இங்கே பயன் இல்லை. கவனமாக இருக்க உதவும் புலன்களே வேலை செய்யவில்லையே! அந்த இடத்தை ஈடுசெய்யக்கூடியது முன்கூட்டியே கற்றுப் பழகிய அறிவு ஒன்றுதான். ஏணியில் நிற்கும்போது அதைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. ஆகவே அந்த அறிவை முன்னதாகவே கொடுக்கும் பொறுப்பைச் சட்டம் யார் மீதாவது சுமத்தியாக வேண்டும்.

1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் வாணவெடித் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுற்றியிருந்த வீடுகளும் சேதமடைந்தன. அந்தப் பேரிடர் நாட்டையே உலுக்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதற்கு முன் இருந்த 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் இந்த இயந்திரத்துக்கு இந்த வேலி என்பது போல் பொருள்களைப் பற்றியே மிகுதியாகப் பேசியது. புதிய சட்டம், ஆபத்தை உண்டாக்குபவரே அதைக் கட்டுப்படுத்தவும் வேண்டும் என்ற எண்ணத்தின் மேல் நின்றது. இதற்கு முன்மாதிரி, பிரிட்டனில் ராபன்ஸ் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1972இல் கொடுத்த அறிக்கை.

அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு முதலாளியின் கடமைகளைச் சொல்கிறது. நடைமுறைக்கு இயன்றவரை ஊழியர்களுக்குத் தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை அவர் வழங்க வேண்டும். நான்கு சொற்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றையே நான்கு முறை சொன்னது போல இருக்கும். நம் தொட்டிக்குப் பொருத்திப் பார்த்தால் வேறுபாடு தெரியும். தொட்டியில் என்ன வாயு இருக்கக்கூடும் என்று சொல்வது தகவல். "அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்காதே" என்பது அறிவுறுத்தல். வாயு அளவியைக் கையில் கொடுத்து, மூன்று மட்டத்திலும் அளக்கப் பழக்குவது பயிற்சி. பழகியதை வேலை நேரத்தில் செய்கிறாரா என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பது மேற்பார்வை. ஒன்றைச் செய்துவிட்டு மற்ற மூன்றையும் செய்ததாகக் கணக்குக் காட்ட முடியாது.

"நடைமுறைக்கு இயன்றவரை" என்ற தொடரைப் பார்த்து, முதலாளிக்கு இது வசதியான ஓட்டை என்று நினைக்கிறீர்களா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஆபத்து எவ்வளவு கடுமையானது, அதைப் பற்றி உலகில் என்ன அறியப்பட்டிருக்கிறது, அதை நீக்கும் வழி கிடைக்கிறதா, செலவு எவ்வளவு ஆகியவற்றை வைத்தே அதை முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் விளக்குகிறது. இரும்புத் தொட்டியில் ஆக்சிஜன் குறையும் என்பது பள்ளிப் பாடம். "எங்களுக்குத் தெரியாது" என்று எந்த ஆலையும் சொல்லிவிட முடியாது.

குத்தகையாளர் அழைத்து வந்த ஆட்களும் இந்தப் பிரிவின்கீழ் முதலாளியின் பொறுப்பில் வருகிறார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தொட்டி கழுவும் வேலையை ஆலையின் நிரந்தர ஊழியர்கள் செய்வது குறைவு. வெளியாட்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். அவர்களில் பலர் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். புரியாத மொழியில் நடத்திய வகுப்பை நான் பயிற்சி என்று சொல்ல மாட்டேன். அது அந்தத் தொழிலாளியின் கையெழுத்தைப் பெறும் நிகழ்ச்சி மட்டுமே.

2024 ஜூன் 1 முதல் இந்தச் சட்டத்தின் திருத்தங்கள் நடப்புக்கு வந்தன. 1967ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிடுவது முதலாளியின் கடமை என்று தனியாக எழுதப்பட்டது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனம், பாதுகாப்பு அதிகாரியை வைத்திருக்க வேண்டிய பெரிய நிறுவனமாக இல்லாவிட்டாலும், தன் ஊழியர்களில் ஒருவரைப் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். எந்தப் பிரிவினர் எந்தப் பயிற்சிக்குச் செல்ல வேண்டும் என்று அமைச்சர் ஆணையிடவும் இடம் உண்டு. முதலாளி கடமை தவறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

அடைபட்ட இடங்களுக்கு மட்டும் 2010ஆம் ஆண்டின் தொழில்துறை நடைமுறைக் கோவை ஒன்று இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் பிறகு தரப்படும் சிஐடிபி பதிவட்டை, இரசாயனங்களைக் கையாள்வோருக்கு 2000ஆம் ஆண்டு விதிமுறைகள் கேட்கும் பயிற்சி என்று மற்ற தொழில்களுக்கும் தனித்தனியே உண்டு. நாம் தொட்டியை விட்டு நகர வேண்டாம்.

இறங்காமல் நிற்பதற்கு ஒரு பயிற்சி

அந்த நடைமுறைக் கோவையின்படி தொட்டியைச் சுற்றிப் பயிற்சி பெற்ற நான்கு வகை ஆட்கள் இருக்க வேண்டும். உள்ளே போக அனுமதி பெற்றவர், வெளியே காவல் நிற்பவர், வாயுவைச் சோதிப்பவர், அனுமதிச் சீட்டில் கையெழுத்திடும் மேற்பார்வையாளர். நம் நாட்டின் நியோஷ் கழகம் போன்ற பயிற்சி நிலையங்கள் இவர்களுக்கான வகுப்புகளை நடத்தித் தேர்வும் வைக்கின்றன.

நால்வரில் யாருடைய வேலை கடினம்? சேற்றில் இறங்குபவருடையது என்றுதான் தோன்றும். என்னைக் கேட்டால் காவல் நிற்பவருடையது. உள்ளே எத்தனை பேர் என்று கணக்கு வைப்பது, அவர்களுடன் இடைவிடாமல் தொடர்பில் இருப்பது, அனுமதியில்லாதவரைத் தடுப்பது, ஆபத்து என்றால் மீட்புக் குழுவை அழைப்பது அவர் வேலை. அவர் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: உள்ளே இறங்குவது. கண்ணெதிரே நண்பர் விழுந்து கிடந்தாலும் இறங்கக் கூடாது.

தாளில் எழுதினால் ஒரு வரி. ஆனால் அந்தக் கணத்தில் இதயம் படபடக்கும், கை நடுங்கும், யோசித்து முடிவெடுக்கும் திறன் சுருங்கிவிடும். அப்போது மனிதர்கள் யோசித்ததைச் செய்வதில்லை, பழகியதைச் செய்கிறார்கள். பட்மிண்டன் ஆடுபவர்களுக்கு இது தெரியும். ஸ்மாஷ் வரும்போது மட்டையை எந்தப் பக்கம் திருப்புவது என்று சிந்திக்க நேரம் இல்லை. அதனால்தான் நல்ல பயிற்சியில் ஆள் எடையுள்ள பொம்மையைக் குழிக்குள் இறக்கி, அது விழுந்துவிட்டதாக அறிவிப்பார்கள். காவல் நிற்பவர் வாசலை நோக்கி ஓடாமல், சுழலியின் கைப்பிடியை நோக்கி ஓடப் பழக வேண்டும். வாசலுக்கு மேல் முக்காலி போன்ற சட்டம்; அதில் சுழலி; சுழலியின் கம்பி உள்ளே இருப்பவரின் முழு உடல் பட்டையில் முன்பே மாட்டப்பட்டிருக்கும். சுற்றினால் ஆள் மேலே வருவார். யாரும் இறங்க வேண்டியதில்லை.

"999 எண்ணை அழைத்தால் போம்பா வராதா?" வருவார்கள். அழைக்கத்தான் வேண்டும். ஆனால் ஆக்சிஜன் நின்று நான்கு நிமிடம் அளவில் மூளைக்குச் சேதம் தொடங்கிவிடுகிறது. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே உள்ள ஆலைக்கு நான்கு நிமிடத்தில் எந்த வண்டி வந்து சேரும்? எனவே மீட்புக் கருவிகள் வேலை தொடங்குமுன்பே வாசலில் இருக்க வேண்டும். அவற்றை இயக்கத் தெரிந்தவரும் அங்கேயே இருக்க வேண்டும்.

காற்றைச் சரிசெய்வதிலும் பயிற்சியில்லாதவர் தவறு செய்வார். "ஆக்சிஜன்தானே குறைவு, ஒரு சிலிண்டரைத் திறந்துவிட்டால் போச்சு" என்று தோன்றும். அப்படிச் செய்யவே கூடாது. ஆக்சிஜன் 23.5 விழுக்காட்டைத் தாண்டினால் துணியும் தலைமுடியும் சிறு பொறியிலேயே பற்றி எரியும். ஊதுவிசிறியால் வெளிக்காற்றைத்தான் செலுத்த வேண்டும், வேலை முடியும்வரை.

எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் உங்களில் பலர் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் பகுதிநேர வேலைக்குப் போவீர்கள். பயிற்சிக்கும் தலைக்கவசத்துக்கும் சம்பளத்தில் பணம் பிடிப்போம் என்று யாராவது சொன்னால், சட்டப்படி செய்ய வேண்டியவற்றுக்காக ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 26ஆம் பிரிவு சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் சேர்க்கப்பட்ட இன்னொரு பிரிவும் உங்களுக்கு வேண்டியது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொன்ன பிறகும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள ஊழியருக்கு உரிமை உண்டு. ஆனால் ஆபத்தை அடையாளம் காணத் தெரியாதவருக்கு இந்த உரிமை இருந்தும் இல்லாதது போலத்தான்.

உங்களுக்குத் தெரியுமா என்று பார்ப்போம். நீங்கள் கையெழுத்திட வேண்டிய மேற்பார்வையாளர். வெளிக்காற்றில் 20.9 காட்டும்படி சரிசெய்த அளவியைத் தொட்டிக்குள் இறக்கியிருக்கிறார்கள். மேல்மட்டத்தில் ஆக்சிஜன் 20.9, மற்றவை சுழி. அடிமட்டத்தில் ஆக்சிஜன் 20.4, எரியும் வாயு சுழி, ஹைட்ரஜன் சல்பைடு சுழி, கார்பன் மோனாக்சைடு சுழி. எல்லை 19.5. இறங்க வேண்டியவர் பட்டையை மாட்டிக்கொண்டு உங்களைப் பார்க்கிறார். கையெழுத்திடுவீர்களா?

எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் 0.5 விழுக்காடு ஆக்சிஜன் எங்கே போனது? வேறொரு வாயு வந்து காற்றைத் தள்ளியிருந்தால் அது ஆக்சிஜனை மட்டும் தள்ளாது. நைட்ரஜனையும் சேர்த்தே தள்ளும். 0.5ஐ 20.9ஆல் வகுங்கள். வந்த வாயுவின் அளவு ஏறத்தாழ 2.4 விழுக்காடு, அதாவது 24,000 பிபிஎம். அது ஈரக்காற்றின் நீராவியாக இருக்கலாம். அல்லது எதுவுமே வரவில்லை, துருதான் கொஞ்சம் தின்றது என்றும் இருக்கலாம். அடியில் தங்கிய கரிவளியாகவும் இருக்கலாம். அதற்கு விதிகள் அனுமதிக்கும் எட்டு மணி நேரச் சராசரி 5,000 பிபிஎம்தான், உங்கள் கையில் இருக்கும் அளவியோ கரிவளியை அளப்பதே இல்லை.

பேனாவை மூடி வைக்கிறீர்கள். ஊதுவிசிறியை இயக்கச் சொல்கிறீர்கள். கரிவளி அளவியைக் கொண்டுவர ஆள் அனுப்புகிறீர்கள். பட்டை மாட்டி நிற்பவர், "என்னங்க, இன்னும் அரை மணி நேரம் ஆகுமா?" என்கிறார். ஆகும்.